எப்போது கேட்கிறது அந்தச் சத்தம்?

(மேட்டுப்பாளையத்தில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

மேட்டுப்பாளையம் பட்டறைகளில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தும் டாக்சி ஓட்டுநர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தோடுதான் இறங்குகிறார்கள். "ஏனுங்ண்ணா, முன்னால ஒரு சத்தம் வருதுங்க." மெக்கானிக்கின் எதிர்க்கேள்வியும் அநேகமாக மாறுவதில்லை. "எந்தப் பக்கமுங்க?" ஓட்டுநர் கொஞ்சம் யோசித்துவிட்டு இடது முன்சக்கரத்தைக் காட்டுவார். சக்கரம் கழலும், பேரிங் மாறும், பணம் கைமாறும். மறுநாள் மலைச் சவாரியில் பர்லியார் தாண்டுவதற்குள் அதே சத்தம் மறுபடியும் கேட்கும்.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஓட்டுநர் தன் காதுக்குப் பட்டதைச் சொன்னார். மெக்கானிக் அவர் சொன்ன இடத்தைப் பார்த்தார். தவறு அந்தக் கேள்வியில் இருக்கிறது. ஓடும் காருக்குள் உட்கார்ந்திருக்கும் மனிதக் காதுக்கு ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லும் திறமை மிகக் குறைவு. ஆனால் அது எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது, எதோடு சேர்ந்து கூடுகிறது என்பதை அதே காது துல்லியமாகச் சொல்லும். பட்டறையின் முதல் கேள்வி "எந்தப் பக்கம்" என்பதிலிருந்து "எப்போது" என்பதற்கு மாறவேண்டும் என்பதுதான் இந்த உரையின் வாதம். அந்தக் கேள்விக்கு விடை தேட, மேட்டுப்பாளையத்துக்காரர்களுக்கு வீட்டு வாசலிலேயே ஒரு சோதனைச்சாலை இருக்கிறது: குன்னூர் போகும் மலைப்பாதை.

முதலில் காதின் கதை. ஒலி வரும் திசையை மனிதர் எப்படி அறிகிறார் என்பதை இங்கிலாந்தின் இயற்பியலாளர் ராலே பிரபு 1907-ல் விளக்கினார். இரண்டு காதுகளுக்கும் இடையில் தலை இருக்கிறது. பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு காதை முதலில் தொடும், மற்றதைச் சற்றுத் தாமதமாகத் தொடும். அந்தத் தாமதம் அதிகபட்சம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் குறைவு. உயர்ந்த சுருதி ஒலியாக இருந்தால் தலை அதை மறைப்பதால் ஒரு காதில் சத்தம் குறைந்து விழும். இந்த இரண்டு சிறு வித்தியாசங்களைக் கொண்டுதான் மூளை திசையைக் கணிக்கிறது. திறந்த வெளியில் இது நன்றாகவே வேலை செய்கிறது. காருக்குள் இரண்டுமே குழம்பிப்போகின்றன. கண்ணாடியிலும் கூரையிலும் கதவிலும் பட்டு எதிரொலித்து, ஒரே சத்தம் பல பக்கங்களிலிருந்து காதுக்கு வருகிறது. நொடிக்கு நூறு அதிர்வுக்குக் கீழே இருக்கும் முழக்கத்தின் ஒலியலை 3.4 மீட்டர் நீளத்துக்குமேல் இருக்கும். காரின் உள்ளறையே அவ்வளவு நீளம் கிடையாது. அந்த முழக்கம் அறை முழுவதையும் ஒன்றாக நிரப்பிவிடும். அதற்குத் திசை என்று ஒன்றைத் தேடுவதே வீண்.

இரும்பின் பங்கும் இருக்கிறது. காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகிறது. இரும்பில் 5,000 மீட்டர். பின்சக்கரத்தில் பிறந்த அதிர்வு காரின் அடித்தளம் வழியாக ஓடி, டேஷ்போர்டில் தளர்ந்து நிற்கும் ஒரு தகட்டை ஆட்டினால், ஓட்டுநருக்குக் கேட்பது டேஷ்போர்டுச் சத்தம். பழைய அம்பாசடர், பத்மினி, மாருதி 800 ஓட்டியவர்களுக்கு இதற்கு நல்ல உதாரணம் ஒன்று நினைவிருக்கும். மெதுவாகப் போகும்போது ஸ்பீடோமீட்டருக்குப் பின்னால் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். கூடவே முள்ளும் நடுங்கும். மீட்டர் கெட்டுவிட்டது என்று மீட்டரையே மாற்றியவர்கள் உண்டு. கியர்பாக்ஸிலிருந்து மீட்டர்வரை வரும் கேபிள் உறைக்குள் எண்ணெய்ப் பசை இல்லாமல் காய்ந்து, முறுக்கிக்கொண்டு விட்டுவிட்டுச் சுழலும்போது வந்த சத்தம் அது. முள் நடுக்கமும் சத்தமும் ஒரே தாளத்தில் வருகின்றனவா என்று பார்த்தவர் கேபிளைக் கழற்றிக் கிரீஸ் போட்டு முடித்தார். மேட்டுப்பாளையம் சாலையில் பெரியநாயக்கன்பாளையத்தில் 1975 முதல் வாகன மீட்டர்களைச் செய்துவரும் பிரிக்கால் நிறுவனம் கேபிள் மீட்டர் காலத்திலிருந்து மின்னணு மீட்டர் காலத்துக்கு வந்துவிட்டது. அந்தக் கேபிள்கள் இன்று பழைய வண்டிகளில் மட்டும்தான் மிச்சம்.

டெசிபல் கணக்கையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல் சத்தத்தின் பின்னால் போகிறவர்கள் பணத்தை இழக்கிறார்கள். டெசிபல் சாதாரணக் கூட்டலுக்குக் கட்டுப்படாது. 60 டெசிபல் தரும் இரண்டு சத்தங்கள் சேர்ந்தால் 63 தான் வரும். 60-ம் 50-ம் சேர்ந்தால் 60.4. ஒரு காரில் டயர்ச் சத்தம் 60, கதவு இடுக்கில் புகும் காற்றுச் சத்தம் 50 என்று வைத்துக்கொள்வோம். கதவு பீடிங்கைப் புதிதாக மாற்றினாலும் காது எந்த வித்தியாசத்தையும் உணராது. "பீடிங் மாத்தியும் ஒண்ணும் ஆகலைங்க" என்று ஓட்டுநர் குறைப்படுவார். மாறாக, டயரை மாற்றினால், அதுவரை மறைந்திருந்த காற்றுச் சத்தம் புதிதாக முளைத்ததுபோல் வெளியே வரும். "டயர் மாத்தின பொறகுதான் இந்தச் சத்தமே வந்துச்சு" என்ற புகாரில் பாதி இந்த வகை. டயர்க் கடைக்காரர்மேல் பழி விழுவது நியாயமே இல்லை.

இனி மலைக்குப் போகலாம்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊரைத் தாண்டி, பாக்குத் தோப்புகளுக்கு நடுவே கல்லாறு வரை சாலை ஏறக்குறையச் சமமாகப் போகிறது. அதன்பின் பர்லியார் வழியாகக் குன்னூர்வரை ஏற்றம். நடுவில் 14 கொண்டை ஊசி வளைவுகள். குன்னூரை எட்டும்போது உயரம் 1,700 மீட்டருக்கு மேல் போய்விடுகிறது. சமதளம், ஏற்றம், இறக்கம், இடது வளைவு, வலது வளைவு, வெப்பம், குளிர் என்று வாகன ஆய்வுக்கூடங்கள் தனித்தனியாக ஏற்பாடு செய்யும் நிலைமைகள் எல்லாம் இந்த ஒரே சாலையில் வரிசையாக வருகின்றன.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு வேலை. வண்டியைக் காலி செய்யவேண்டும். கதவுப் பையிலிருக்கும் தண்ணீர் பாட்டில், சில்லறைக் காசு, டிக்கியில் சரியாக முடுக்காத ஜாக்கி, ஸ்டெப்னி, பின்சீட்டில் தூணில் அடித்துக்கொண்டிருக்கும் சீட் பெல்ட் கொக்கி, தளர்ந்த நம்பர் பிளேட். பட்டறைக்கு வரும் 'லொட லொட' சத்தங்களில் கணிசமானவை இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

ஊருக்குள் இருக்கும் வேகத்தடைகளே முதல் சோதனை. இரண்டு முன்சக்கரங்களும் ஒரே நேரத்தில் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது சத்தம் வருகிறதா, அல்லது ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது வருகிறதா? இந்தக் கேள்வி பெரிய பணத்தை மிச்சப்படுத்தக்கூடியது. இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பி இரண்டும் ஒன்றாக ஏறினால் முறுக்கிக்கொள்ளாது. ஒன்று ஏறி ஒன்று இறங்கும்போதுதான் முறுக்கும். ஆகவே ஒற்றைச் சக்கரப் பள்ளத்தில் மட்டும் 'டொக் டொக்' என்று வந்தால், மெக்கானிக்குகள் லிங்க் ராடு என்று சொல்லும் சிறிய உறுப்பைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும். இரண்டும் சேர்ந்து ஏறும்போதும் வந்தால் ஷாக் அப்சார்பர், அதன் மேல் மவுண்டிங், லோயர் ஆர்ம் புஷ் ஆகியவற்றின் பக்கம் போகலாம். லிங்க் ராடு விலை குறைந்தது. ஷாக் அப்சார்பர் அப்படியல்ல.

கல்லாறு வரையிலான சமதளத்தில் எஞ்சின் சத்தத்தையும் சக்கரச் சத்தத்தையும் பிரித்துவிடலாம். பின்னால் வண்டி வராத நேரமாகப் பார்த்து, 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கிளட்சை அழுத்தவேண்டும். எஞ்சின் வேகம் சட்டென்று இறங்கும். வண்டியின் வேகம் அப்படியே இருக்கும். சத்தம் எஞ்சினோடு சேர்ந்து இறங்கினால் அது எஞ்சின் பக்கத்தது. இறங்காமல் வண்டியின் வேகத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தால் சக்கரம், டயர், பேரிங், ஆக்சில் பக்கத்தது. கிளட்சை அழுத்தியபோது மட்டும் புதிதாக ஒரு சத்தம் பிறந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். சில நொடிகளில் முடியும் சோதனை இது. தேடவேண்டிய இடத்தைப் பாதியாக்கிவிடும். ஒன்றை அழுத்தமாகச் சொல்லவேண்டும்: மலை இறக்கத்தில் இதைச் செய்யவே கூடாது. கியரின் பிடியில்லாமல் இறங்கும் வண்டி பிரேக்கை மட்டும் நம்பியிருக்கும்; சூடேறிய பிரேக் கைவிட்ட கதைகள் இந்த ஊருக்குப் புதிதல்ல.

கொஞ்சம் எண்கள். டாக்சிகளில் அதிகம் காணப்படும் 165/80 ஆர் 14 அளவு டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.95 மீட்டர். மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு ஒருமுறை சுற்றும். 36-ல் ஐந்து முறை. 72-ல் பத்து முறை. டயர் இடுக்கில் சிக்கிய ஜல்லிக்கல் ஒரு சுற்றுக்கு ஒருமுறை தட்டும். ஆக, பட்டறை வாசலில் வண்டியை மெல்ல உருட்டி, நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் 'டிக்' வந்தால் அது சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று. எஞ்சினின் கணக்கு வேறு. நிமிடத்துக்கு 2,400 சுற்று ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் நொடிக்கு 80 முறை எரிபொருள் வெடிக்கிறது. மூன்று சிலிண்டர் என்றால் 60 முறை. மூன்று சிலிண்டர் வண்டியின் உறுமல் தடித்துக் கேட்பதற்கு இது ஒரு காரணம். அது கோளாறு அல்ல.

வேகம் கூடினாலும் சுருதி மாறாத சத்தமும் உண்டு. கரடான தாரில் போகும்போது 'ஊங்' என்று உள்ளீடற்ற ஓர் ஓசை. 40-லும் அதே சுருதி, 70-லும் அதே சுருதி. சுற்றும் பொருள் எதுவும் அப்படி ஒலிக்காது. டயருக்குள் வளையமாக அடைபட்டிருக்கும் காற்று தன் சொந்த அதிர்வில் முழங்குவதுதான் அது. மேலே சொன்ன டயர் அளவுக்குக் கணக்கிட்டால் நொடிக்கு 220 அதிர்வுக்கு அருகில் வரும். விலையுயர்ந்த சில டயர்களில் உட்புறம் நுரைப்பஞ்சு ஒட்டி விற்பது இதை அடக்கத்தான். எந்தப் பேரிங்கை மாற்றினாலும் இது போகாது.

கல்லாறு தாண்டியதும் வளைவுகள் தொடங்குகின்றன. வீல் பேரிங் தேய்ந்தால் வேகத்தோடு கூடும் ஒரு 'கொர்ர்' சத்தம் வரும். டயர் மேடுபள்ளமாகத் தேய்ந்தாலும் அதேபோன்ற சத்தம்தான். இரண்டையும் பிரிப்பதில்தான் அனுபவமுள்ள மெக்கானிக்கே தடுமாறுகிறார். இங்கே வளைவு உதவுகிறது. இடப்பக்கம் வளையும்போது வண்டியின் எடை வலப்பக்கச் சக்கரங்களின்மேல் சாயும். அப்போது கொர்ர் கூடி, வலப்பக்கம் வளையும்போது குறைந்தால் சந்தேகம் வலப்பக்கப் பேரிங்கின்மேல் விழவேண்டும். ஓட்டுநர் வண்டியின் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பதால் அவர் காதுக்கு எல்லாமே இடப்பக்கத்திலிருந்து வருவதுபோல் படும் என்பதையும் சேர்த்து யோசிக்கவேண்டும். இந்தச் சோதனைக்குக் கொண்டை ஊசி வளைவு பொருந்தாது. அங்கே வேகம் நடைவேகத்துக்கு அருகில் வந்துவிடும், பேரிங் பேசாது. நீண்டு மெதுவாகத் திரும்பும் வளைவுகளில், சாலை அனுமதிக்கும் வேகத்தில் கேட்கவேண்டும். கேட்டதை அப்படியே நம்பிவிடாமல், பட்டறையில் சக்கரத்தைத் தூக்கி, ஒரு கையால் சுற்றி, மறு கையைச் சுருள்வில்லின்மேல் வைத்தால் தேய்ந்த பேரிங்கின் நறநறப்பு விரலுக்குத் தெரியும். டயரா என்று உறுதிசெய்ய முன்டயர்களைப் பின்னால் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். சத்தமும் பின்னால் போனால் குற்றவாளி டயர்தான். தாரிலிருந்து கான்கிரீட்டுக்கு மாறும்போது சத்தம் நிறம் மாறினாலும் டயர்தான். பேரிங்குக்குச் சாலை எதுவானாலும் ஒன்றே.

கொண்டை ஊசி வளைவு வேறொன்றுக்காகவே அமைந்ததுபோல் இருக்கிறது. ஸ்டியரிங் முழுவதும் ஒடித்த நிலை, ஏற்றம், எஞ்சின் முழுச் சுமையில் இழுக்கிறது. முன்சக்கர இழுவை வண்டியில் ஆக்சிலின் வெளிமுனை ஜாயிண்டுக்கு இதைவிடக் கடுமையான சோதனை கிடையாது. 'டக் டக் டக்' என்று சக்கரத்தோடு சேர்ந்து சத்தம் வந்து, நேரான சாலைக்கு வந்ததும் நின்றுபோனால் அந்த ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது. அதைப் போர்த்தியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் தெறித்துச் சக்கரத்தின் உட்பக்கம் கறுத்திருப்பதைக் குனிந்து பார்த்தாலே தெரியும். சத்தம் வருவதற்கு முன்பே அந்தக் கிழிசலைக் கண்டுபிடித்திருந்தால் பூட்டும் கிரீஸும் மாற்றியே தப்பித்திருக்கலாம்.

கியர்ப் பல்லின் ஓசையைப் புரிந்துகொள்ள மேட்டுப்பாளையத்தில் 1899 முதல் ஒரு பாடம் ஓடிக்கொண்டிருக்கிறது. நீலகிரி மலை ரயில் கல்லாற்றிலிருந்து குன்னூர்வரை பல்சக்கரத்தின் உதவியோடு ஏறுகிறது. ஏறக்குறைய 12 அடிக்கு 1 அடி என்ற ஏற்றம். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த அமைப்பு அது. தண்டவாளத்தின் நடுவில் இரண்டு பற்சட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வரும்படி அவை விலகி அமைந்திருக்கின்றன. ஒரு பல் பிடியை விடுவதற்குள் இன்னொரு பல் பிடித்துவிடுகிறது. இழுப்பு விட்டுவிட்டு வராமல் தொடர்ச்சியாக வருகிறது. கார் கியர்பாக்ஸில் முன்னோக்கிப் போகும் கியர்களின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டிருப்பதும் இதே நோக்கத்துக்காகத்தான். பல் ஒரு முனையில் தொடங்கி மெல்ல மெல்ல முழு அகலத்துக்கும் பொருந்துகிறது. பல வண்டிகளில் ரிவர்ஸ் கியர் மட்டும் நேர்பல். முழுப் பல்லும் ஒரே கணத்தில் மோதுவதால் பின்னோக்கிப் போகும்போது 'ஊய்ங்' என்று அழும். புதிதாகக் கார் வாங்கியவர்கள் இதைக் கோளாறு என்று நினைத்துப் பயப்படுகிறார்கள், பயம் தேவையில்லை. முன்னோக்கிய கியரில் அந்த அழுகை வந்தால்தான் கவலைப்படவேண்டும். அப்போதும் கேட்கவேண்டியது எப்போது என்பதைத்தான். ஏறும்போது பல்லின் ஒரு முகம் சுமை தாங்குகிறது. கியரில் இறங்கும்போது சக்கரம் எஞ்சினைத் தள்ளுவதால் பல்லின் மறுமுகம் தாங்குகிறது. ஏற்றத்தில் மட்டும், அல்லது இறக்கத்தில் மட்டும் அழும் கியர்பாக்ஸ், எந்த முகம் தேய்ந்தது என்பதையே சொல்லிவிடுகிறது.

மலையின் மேல்பாதியில் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது காது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய 15 சதவீதம் குறைகிறது. செவிப்பறையின் இரு பக்கமும் அழுத்தம் சமமாகும்வரை காது அடைத்துக்கொள்கிறது; எல்லாச் சத்தமும் மங்குகிறது. "மேல போகப் போகச் சத்தம் கொறஞ்சிருச்சுங்க" என்று ஓட்டுநர் சொன்னால், வண்டி சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. எச்சில் விழுங்கி, காது திறந்தபின் மறுபடி கேட்கவேண்டும். இறங்கும்போது இந்த அடைப்பு இன்னும் பிடிவாதமாக இருக்கும்.

இரண்டாவது குளிர். டேஷ்போர்டில் பயன்படும் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் இரும்பைவிடப் பல மடங்கு சுருங்கும். 15 டிகிரி குளிர்ந்தால் ஒரு மீட்டர் நீளப் பிளாஸ்டிக் ஒரு மில்லிமீட்டருக்கு மேலேயே சுருங்கக்கூடும்; அதே நீள இரும்பு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூடச் சுருங்காது. கீழே வெயிலில் இறுக்கமாக நின்ற கிளிப்புகள் மேலே தளர்கின்றன. 'கிறீச் கிறீச்' தொடங்குகிறது. வண்டி மேட்டுப்பாளையம் பட்டறைக்குத் திரும்பும்போது பிளாஸ்டிக் விரிந்து பழையபடி இறுகிவிடும். மெக்கானிக் ஓட்டிப் பார்க்கும்போது சத்தம் இருக்காது. வாடிக்கையாளர் பொய் சொல்கிறார் என்ற கசப்பு இப்படித்தான் பிறக்கிறது. குன்னூர்ப் பட்டறையில் காட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் புரிந்திருக்கும்.

இறங்கும் வழியில் பிரேக் பேசும். கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏறிக் கோத்தகிரி வழியாக இறங்கும்படி போக்குவரத்தை ஒருவழியாக்குவார்கள். அந்த நாட்களில் கோத்தகிரி இறக்கம் முழுவதும் பிரேக் கீச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும். எல்லாக் கீச்சலும் ஒன்றல்ல. காலையில் ஈரத்தோடு முதல் சில மிதிப்புகளுக்கு வந்து நின்றுபோவது மேல்துரு. பல பிரேக் பேடுகளில் ஒரு சின்ன உலோக நாக்கு பொருத்தியிருக்கிறார்கள். பேடு தேய்ந்து குறைந்த அளவுக்கு வந்ததும் அது டிஸ்க்கை உரசிக் கத்தும். பொறியாளர் வேண்டுமென்றே வைத்த சத்தம் அது; அதை அடக்க எண்ணெயோ வேறெதுவோ தடவுவது உயிரோடு விளையாடுவது. இரும்பும் இரும்பும் அரைக்கும் 'கர்ர்ர்' வந்துவிட்டால் வண்டியை அங்கேயே நிறுத்தவேண்டும்.

மலைப்பாதை சொல்லாத ஒரே சத்தம் காற்றுச் சத்தம். 30, 40 கிலோமீட்டரில் காற்று வாய் திறக்காது. ஜேம்ஸ் லைட்ஹில் 1952-லும், அவரைத் தொடர்ந்து என். கர்ல் 1955-லும் எழுதிய கோட்பாட்டின்படி, பொருள்களின்மேல் மோதிப் பாயும் காற்று எழுப்பும் ஒலி, அந்தக் காற்றின் வேகத்தின் ஆறாவது அடுக்கில் வளர்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் 18 டெசிபல் கூடும். டயர்ச் சத்தம் அதே வேக மாற்றத்துக்குப் பத்து டெசிபல் அளவில்தான் கூடுகிறது. அதனால்தான் ஊருக்குள் டயர் ஆள்கிறது, அவிநாசி தாண்டி சேலம் போகும் நெடுஞ்சாலையில் நூறைத் தொடும்போது காற்று ஆளத் தொடங்குகிறது. முன்கண்ணாடியைத் தாங்கும் தூண், பக்கக் கண்ணாடி, கதவு பீடிங் என்று சந்தேகத்துக்குரிய இடங்கள் குறைவுதான். கண்டுபிடிக்க ஒரு ரோல் பேப்பர் டேப் போதும். எல்லா இடுக்குகளையும் வெளிப்பக்கம் டேப்பால் மூடி ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு டேப்பாக உரித்து, அதே வேகத்தில் மறுபடி ஓட்டவேண்டும். எந்த டேப்பை உரித்ததும் இரைச்சல் திரும்புகிறதோ அதுதான் இடம்.

பெரிய ஆய்வுக்கூடங்களும் இதே வழியில்தான் போகின்றன. 1966-ல் தொடங்கப்பட்ட புனே வாகன ஆராய்ச்சிச் சங்கம் (ஏ.ஆர்.ஏ.ஐ.) போன்ற நிறுவனங்களில், எதிரொலி இல்லாத அறைக்குள் உருளைகளின்மேல் காரை நின்ற இடத்திலேயே ஓடவிடுகிறார்கள். பல மைக்குகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒலி வந்துசேரும் நேர வித்தியாசத்தைக் கணக்கிட்டு, எங்கிருந்து எவ்வளவு என்று நிறப்படமாகவே வரைகிறார்கள். அவ்வளவு கருவிகளுக்குப் பின்னாலும், உள்ளறையைக் கனமான விரிப்புகளால் முழுக்க மூடிவிட்டு ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் திறந்து அளப்பது இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒன்றை மட்டும் மாற்று, மற்றதையெல்லாம் அப்படியே வை என்ற ஒழுங்கு அங்கேயும் இங்கேயும் பொது.

பட்டறைக்கு எட்டும் கருவிகளும் உண்டு. நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஆல்டர்னேட்டர்மேல் வைத்துப் பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்கும் வழக்கம், பாரிஸ் மருத்துவர் லென்னக் 1816-ல் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டதற்கு நேர் உறவு. ஓடும் ஃபேன் பெல்ட்டுக்கு அருகில் அதைச் செய்யும்போது கையும் சட்டையும் கவனம். கிளிப்போடு சேர்ந்த சிறு மைக்குகளை நான்கைந்து இடங்களில் மாட்டி, ஓட்டியபடியே ஹெட்போனில் ஒவ்வொன்றாக மாற்றிக் கேட்கும் கருவி கடைகளில் கிடைக்கிறது. நடுத்தரப் பட்டறை ஒன்று அதை வாங்கினால், தவறாக மாற்றும் சில பாகங்களின் விலையிலேயே முதல் திரும்பிவிடும். செல்போனில் ஒலியை அலைவரிசையாகப் பிரித்துக் காட்டும் செயலிகளும் பயன்படும். ஆனால் பேச்சுக்காக அமைந்த போன் மைக் ஆழ்ந்த முழக்கத்தை வெட்டிவிடும். சத்தம் கூடும்போது தானாகவே அளவைக் குறைத்துக்கொள்ளும். கூடியதா குறைந்ததா என்ற கேள்விக்குப் போன் பதிவை நம்பக்கூடாது. சுருதி என்ன என்பதற்கு நம்பலாம்.

ஜி.டி. நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கியதிலிருந்து கணக்கிட்டால், கொங்கு நாட்டின் மோட்டார்த் தொழிலறிவுக்கு நூறு வயது தாண்டிவிட்டது. அந்த அறிவில் பெரும்பகுதி இன்னும் காதிலும் கையிலும்தான் இருக்கிறது, காகிதத்தில் ஏறவில்லை. ஒரு மூத்த மெக்கானிக் ஓய்வு பெறும்போது அவரோடு போய்விடுகிறது. ஜாப் கார்டில் "சத்தம்" என்று ஒரே சொல்லை எழுதும் வழக்கம் மாறினால்கூடப் பெரிய ஆதாயம். எந்த வேகத்தில், எந்த கியரில், ஏற்றத்திலா இறக்கத்திலா, எந்தப் பக்கம் திரும்பும்போது, பிரேக் மிதித்தபோதா, காலைக் குளிரிலா, ஆள் ஏறியபோதா, எதற்குப் பிறகு தொடங்கியது என்று அரைப் பக்கக் கேள்வித்தாள் ஒன்றைத் தொழிற்பயிற்சி நிலையங்களே தயாரித்துத் தரலாம். ஓட்டுநரிடம் அதை நிரப்பச் சொல்வதற்கு ஆகும் நேரம் ஒரு டீ குடிக்கும் நேரம்தான். மலைச் சீசனில் ஒரு நாள் வண்டி நின்றால் அந்தக் குடும்பம் இழப்பதோ ஒரு நாள் வருமானம் முழுவதும்.

இந்த வேலை அவசரமாவதற்கு மின்சாரக் கார்களும் ஒரு காரணம். பெட்ரோல், டீசல் எஞ்சினின் முழக்கம் எத்தனையோ சிறு சத்தங்களை மூடி மறைத்துவந்தது. அது இல்லாத வண்டியில் கிளிப் ஒன்று நடுங்கினாலும் கேட்கிறது. மோட்டாரின் வேகத்தைக் குறைத்துச் சக்கரத்துக்குக் கொடுக்கும் ஒற்றைக் கியரின் மெல்லிய 'ஊய்ங்', மின்னோட்டத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டரின் கீச்சு என்று புதிய ஓசைகள் வந்திருக்கின்றன. மலை இறங்கும்போது மோட்டாரே மின்சாரம் எடுத்துப் பிரேக் பிடிப்பதால், கியரின் மறுமுகம் நெடுநேரம் சுமை தாங்குகிறது. கல்லாற்றுக்குக் கீழே வரும்வரை அந்த ஊய்ங் தொடரும்.

இந்தப் புதிய ஓசைகளில் பல உயர்ந்த சுருதியில் இருக்கின்றன. வயது ஏற ஏற மனிதக் காது முதலில் இழப்பது அந்த உயர்ந்த சுருதிகளைத்தான். கிரைண்டரும் சுத்தியலும் காற்றழுத்தத் துப்பாக்கியும் ஓயாத பட்டறையில் முப்பது ஆண்டு நின்றவருக்கு அந்த இழப்பு இன்னும் சீக்கிரம் வரும். விசைத்தறிக் கூடங்களில் வேலை பார்த்தவர்களின் வீடுகளில் டி.வி. ஏன் அவ்வளவு சத்தமாக ஓடுகிறது என்பதை இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. பட்டறையில் காதடைப்பான் மாட்டும் வழக்கம் இன்றே வரவேண்டும். மின்சார வண்டியை ஓட்டிப் பார்க்கப் போகும் மூத்த மெக்கானிக், பயிற்சிக்கு வந்திருக்கும் பதினெட்டு வயதுப் பையனையோ பெண்ணையோ கூடவே உட்காரவைத்து, "இப்பக் கேக்குதா, இப்ப?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டே ஓட்டவேண்டும்.